அக்கா மனையில் நின்ற அம்பாசிடர்

தை பிறந்ததும் வீட்டுக்குக் கடைக்கால் தோண்டப் போகிறேன் என்று அக்கா சொன்னபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அப்பா சொத்தைப் பாகம் பிரித்தபோது ரோட்டோர மனை அவளுக்கு வந்தது. மாமா இறந்த பிறகும் பாப்பாரப்பட்டியில் வாடகை வீட்டிலேயே காலம் தள்ளியவள், இப்போதாவது சொந்தமாக ஒரு வீடு கட்டட்டுமே என்று நினைத்தேன். அடுத்த வார்த்தையில்தான் அந்தச் சந்தோஷம் போயிற்று.

"அந்தக் கொட்டாயில ஒண்ணு நிக்குதே, அதுக்கு ஒரு வழி பண்ணுடா. ஓட்டிக்கிட்டுப் போறதுன்னா போ. தைக்குள்ள போவலன்னா பழைய இரும்புக்காரனக் கூப்புட்டுப் போட்டுருவேன்."

அவள் சொன்ன அந்த ஒண்ணு, அப்பாவின் அம்பாசிடர். அப்பா புளி வியாபாரி. அறுவடைக் காலத்தில் ஊர் ஊராகப் போய் மரத்தைக் குத்தகை பேசுவதற்கென்று பழைய வண்டியாக வாங்கினார். கண் மங்கியதும் ஓட்டுவதை நிறுத்திவிட்டு, ரோட்டோர மனையில் ஒரு தகரக் கொட்டகை போட்டு அதில் நிறுத்தினார். அவர் போய்ச் சேர்ந்த பிறகும் அது அங்கேயே நின்றது. டயர் நான்கும் தரையோடு ஒட்டி, மேலே கோழி ஏறி, சீட்டுக்குள் எலி குடும்பம் நடத்தி, ஆக மொத்தம் என்னைத் தவிர எல்லோரும் அந்த வண்டியை ஏதோ ஒரு விதத்தில் உபயோகித்துக்கொண்டிருந்தார்கள்.

"உனக்கு எதுக்குடா அது?" என்று அக்கா கேட்டாள். அப்பா ஞாபகம் என்று சொன்னேன். "அப்பா ஞாபகத்துக்கு போட்டோ இருக்குது," என்றாள்.

இதே கேள்வியை என் மனைவி கேட்டபோது, பழைய வண்டிக்கு இப்போது மதிப்பு ஏறிக்கொண்டே போகிறது என்று அளந்துவிட்டேன். தர்மபுரியில் நான் வைத்திருக்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வரும் ஆட்களிடம், கடை வாசலில் நிறுத்தினால் விளம்பரமாக இருக்கும் என்றேன். ஆளுக்கொரு பதிலாகச் சொல்லிக்கொண்டு வந்ததில் எது நிஜம் என்று எனக்கே குழம்பிப் போயிற்று. ஒன்று மட்டும் தெரிந்தது. இரும்புக்காரன் கடப்பாரையோடு அந்தக் கொட்டகைக்குள் நுழைவதை என்னால் தாங்க முடியாது.

பென்னாகரம் ரோட்டில் ஒரு மெக்கானிக்கைப் பிடித்தேன். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர், பேச்சுக்குப் பேச்சு சலித்துக்கொள்கிறவர். கொட்டகைக்கு வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கீழே குனிந்தார். தரைத் தகட்டில் விரலை வைத்தார். விரல் உள்ளே போய்விட்டது.

"இதுல என்னங்க ஏத்துனீங்க?"

"புளிங்க."

"புளியா! டிக்கி நெறைய புளி மூட்டைய ஏத்தி, மழையில நனைச்சு, அப்படியே காய வெச்சிருக்கீங்க. பித்தளைப் பாத்திரம் தேய்க்கற சாமான் சார் அது. தகட்ட உட்டு வெக்குமா?"

எங்கள் வீட்டில் யாருக்கும் இது தோன்றியதே இல்லை. டிக்கியைத் திறந்தால் வரும் புளி வாசனையை வண்டியோடு கூடவே வந்த வாசனை என்றுதான் நினைத்திருந்தோம். மெக்கானிக் தரைத் தகட்டை வெட்டிவிட்டுப் புதுசு பற்றவைக்கச் சொன்னார். இன்ஜின் இறுகிப் போயிருந்தது. பிளக்குகளைக் கழற்றி ஓட்டை வழியாக டீசலை ஊற்றிவிட்டு, "ஊறட்டும்" என்று போய்விட்டார். ஊறியது, ஊறியது, ஊறிக்கொண்டே இருந்தது. நான் தினமும் போன் போட்டுக் கேட்பேன். "ஊறுகாயா சார் போட்டிருக்கோம், தொட்டுப் பாத்து சொல்றதுக்கு? இளகும்போது இளகும்," என்பார்.

நடுவில் ஊர்க்காரர்கள் வேறு. இந்தப் பக்கம் வண்டி பற்றித் தெரியாதவர் யாருமே இல்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. பெட்ரோல் இன்ஜினைத் தூக்கிக் கடாசிவிட்டு டீசல் இன்ஜின் போடு என்றார் ஒருவர். அப்படிச் செய்தால் ஆர்.டி.ஓ. ஆபீசில் பாஸ் ஆகாது என்றார் இன்னொருவர். பதினைந்து வருஷம் தாண்டினால் வண்டியே ஓட்டக்கூடாது, சட்டம் வந்துவிட்டது என்று டீக்கடையில் ஒருவர் அடித்துச் சொன்னார். அது டெல்லிக்கு மட்டும்தான் என்றார் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர். இருவருக்கும் கைகலப்பு ஆகிவிடும் போல இருந்தது. நான் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்தேன். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது.

காகித வேலைக்கு ஒரு ஏஜெண்டைப் பார்த்தேன். அவர் நல்ல மனுஷர், பொறுமையாகத்தான் விளக்கினார்.

"வண்டி உங்கப்பா பேர்ல இருக்குது. மொதல்ல பேரு மாத்தணுங்க. அதுக்கு இன்சூரன்ஸ் வேணும். இன்சூரன்ஸ் போடணும்னா ஆர்.சி. உயிரோட இருக்கணும். ஆர்.சி.க்கு உயிர் குடுக்கணும்னா வண்டிய ஆபீசுக்குக் கொண்டாந்து காட்டணும். ரோட்டுல கொண்டார இன்சூரன்ஸ் வேணுமில்லீங்களா?"

"அப்ப எங்கிருந்துங்க ஆரம்பிக்கிறது?"

"அதத்தான் நானும் யோசிக்கறேன்," என்றார்.

எந்த முடிச்சை முதலில் அவிழ்த்தார் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. வாரிசுச் சான்று கேட்டார், வாங்கிக் கொடுத்தேன். வாரிசு நானும் அக்காவும் மட்டும்தான். அவளுக்கு ஆட்சேபனை இல்லை என்று கையெழுத்து வேண்டும் என்றார். அவள் தரமாட்டாள் என்று பயந்துகொண்டே போனேன். வாசலிலேயே வாங்கி, படித்துக்கூடப் பார்க்காமல் போட்டுக் கொடுத்தாள். "ரோட்டுல போவுதோ, மூட்டையில போவுதோ, போனாச் சரி," என்றாள். அவள் முகத்தைப் பார்த்தேன். கோபமா, அலுப்பா, கிண்டலா, ஒன்றும் பிடிபடவில்லை.

மார்கழியில் ஒருநாள் இன்ஜின் இளகியது. முதல் முறை ஸ்டார்ட் ஆனபோது புகை கொட்டகையை நிறைத்து, எலிகள் மூட்டை கட்டிக்கொண்டு வெளியே ஓடின. நான் கைதட்டினேன். மெக்கானிக் கூடச் சிரித்தார். ஸ்டியரிங் பக்கத்தில் கியர் இருக்கும் வண்டி அது. இரண்டாவது கியரைத் தேடினால் ரிவர்ஸ் வந்து நிற்கும். மெக்கானிக் பக்கத்தில் உட்கார்ந்து திட்டித் திட்டி ஒருவழியாக எனக்குப் பழக்கிவிட்டார். பிரேக் எல்லாம் புதிதாக மாட்டி, விளக்கு எரியவைத்து, புகைப் பரிசோதனையும் முடித்து, தைக்கு இரண்டு வாரமே இருக்கும்போது ஆபீஸ் மைதானத்துக்கு ஓட்டிக்கொண்டு போனோம்.

பிரேக் இன்ஸ்பெக்டர் சின்ன வயசுக்காரர். விளக்கு பார்த்தார், ஹாரன் பார்த்தார், பிரேக் போட்டுக் காட்டச் சொன்னார். எல்லாம் ஆயிற்று. பானெட்டைத் தூக்கி, உள்ளே தகட்டில் பொறித்திருக்கும் சேசிஸ் நம்பரைப் பென்சில் பிரிண்ட் எடுக்கச் சொன்னார். எழுத்துமேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் நம்பர் அச்சாகக் காகிதத்தில் வரும். அந்த நம்பரும் ஆர்.சி. புத்தகத்து நம்பரும் ஒன்றாக இருந்தால்தான் இந்த வண்டி இந்த வண்டி.

மெக்கானிக் தேய்த்தார். முதல் எழுத்துகள் வந்தன. அதற்கப்புறம் சொரசொரவென்று கறுப்பு மட்டும்தான் வந்தது. துடைத்துவிட்டு மறுபடி தேய்த்தார். அதே கறுப்பு. தகட்டுக்குப் பக்கத்தில் முகத்தை வைத்து உற்றுப் பார்த்தவர் என் பக்கம் திரும்பினார்.

"இந்த எடத்துல என்னங்க வெச்சீங்க?"

நான் தலையைச் சொறிந்தேன். ஆயுத பூஜைக்கு வண்டிக்குப் பொட்டு வைப்பது எல்லோரும் செய்வதுதான். சக்கரத்தில், ஸ்டியரிங்கில், பானெட்டில் வைப்பார்கள். எங்கள் அப்பாவுக்கு அது போதாது. வண்டிக்கு நெற்றி எது என்றால் நம்பர் இருக்கும் அந்தத் தகடுதான் என்பார். அங்கேதான் சந்தனம் குழைத்து அப்பி, குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழத்தை இரண்டாக அறுத்து, குங்குமம் தடவி, அந்தத் தகட்டுமேலேயே ஒட்டிவைக்க வேண்டும். அடுத்த ஆயுத பூஜை வரை எடுக்கக்கூடாது. அப்பா போன பிறகு, ஓடாத வண்டியாயிற்றே என்று பார்க்காமல், வருஷம் தவறாமல் நானும் அதையே செய்துவந்தேன். செய்யாமல் விட்டால் அப்பா கோபித்துக்கொள்வார் என்று தோன்றும்.

"பூச போட்டே நம்பரத் தின்னுட்டீங்களே சார்!" என்றார் மெக்கானிக்.

இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. நம்பரைத் திரும்ப அடிக்க உத்தரவு கொடுக்கலாம், ஆனால் இது அதே வண்டிதான் என்று தனக்குத் திருப்தி ஆக வேண்டும் என்றார். வாரிசுகள் இருவரும் நேரில் வந்து, வண்டியைப் பார்த்து, தன் முன்னால் சொல்லி, எழுதிக் கொடுக்க வேண்டுமாம். "உங்க அக்காவைக் கூட்டிட்டு வாங்க."

அன்று வண்டியைத் திருப்பி ஓட்டிவரும்போது எனக்கே ஒரு சந்தேகம் வந்துவிட்டது. தரை புதுசு, டயர் புதுசு, வயர் புதுசு, நம்பரும் இல்லை. நான் யாருடைய வண்டியை ஓட்டிக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்தேன். மண்டை காய்ந்துவிட்டது.

அக்காவிடம் போய்ச் சொன்னேன். மூங்கில் முறத்தில் புளியை வைத்துக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். கேட்டுக்கொண்டே இருந்தாள். "நான் வரலடா. கையெழுத்துப் போட்டேனில்ல, அதோட முடிஞ்சுது," என்றாள்.

"நீ வரலைன்னா வண்டி போச்சுக்கா. நம்பரும் இல்ல, ஆர்.சி.யும் இல்ல. இரும்புக்காரனுக்குத்தான் போடணும்."

"போடு. எதுக்குடா உனக்கு அது? நெசமா சொல்லு, எதுக்கு?"

அப்போதுதான் எனக்கே அந்தப் பதில் கிடைத்தது. இத்தனை நாள் ஊரெல்லாம் சொன்ன காரணங்களில் ஒன்றுகூட இல்லை அது.

"ஒருநாள் சேலம் போனோம்க்கா, ஞாபகம் இருக்குதா? உன்ன ஹாஸ்டல்ல இருந்து கூட்டியார. எனக்கு மொத மொதல்ல அவ்வளவு தூரம் கார்ல போனது அதான். திரும்பி வரும்போது பின்னாடி சீட்டுல நீயும் நானும். தொப்பூர் கணவாயில வண்டி மெதுவா ஏறுனப்ப கொரங்கெல்லாம் வந்துச்சு, பொரி போட்டோம். நீ என் கையப் புடிச்சுக்கிட்டே வந்த. வூடு வர்ற வரைக்கும் உடவே இல்ல. அந்த மாதிரி ஒரு நாள் எனக்கு அப்புறம் வந்ததே இல்லக்கா. அதுக்குத்தான்."

இந்த வயசில் இதைப் போய்ச் சொல்கிறோமே என்று வெட்கமாக இருந்தது. அக்கா காலேஜில் சேர்ந்து சில மாதங்களிலேயே படிப்புப் பிடிக்காமல் திரும்பி வந்துவிட்டாள் என்பதுதான் எங்கள் வீட்டில் எல்லோரும் சொல்வது. அடுத்த வைகாசியில் அவளுக்குக் கல்யாணம் நடந்தது. நானும் கேள்வி கேட்டதில்லை, கேட்கும் வயசும் அப்போது இல்லை.

அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உனக்கு அப்ப என்ன வயசு?"

"ஆறு இருக்கும்."

"ம்," என்றாள். முறத்தை நகர்த்திவைத்தாள். "சரி, வர்றேன்."

மறுவாரம் மைதானத்துக்கு நானும் மெக்கானிக்கும் வண்டியைக் கொண்டுபோனோம். அக்கா என்னோடு வர மறுத்து, பஸ்ஸில் வந்து இறங்கினாள். நல்ல சேலையாகக் கட்டியிருந்தாள். இன்ஸ்பெக்டர் எழுந்து வந்து மரியாதையாகத்தான் கேட்டார்.

"இது உங்க அப்பா வண்டிதானாம்மா? அதே வண்டியா? எப்படிச் சொல்றீங்க?"

அக்கா வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். கொட்டகையில் இத்தனை வருஷம் நின்றபோது அவள் அதன் பக்கத்தில் போய் நான் பார்த்ததே இல்லை. இடது பக்கத்துப் பின்கதவைத் திறந்தாள். உள்ளே உட்காரவில்லை. குனிந்து, கதவின் உள்பக்கம் கையை வைத்துத் தடவிப் பார்த்தாள்.

"இது புதுசு," என்றாள்.

மெக்கானிக் முன்னால் வந்தார். "ஆமாங்கம்மா. கைப்புடி நாலு கதவுக்கும் செட்டா புதுசு போட்டேன். இந்தக் கதவுல மட்டும் உள்பக்கம் கைப்புடியே இல்லீங்க. ஒடஞ்சதுன்னா தண்டாவது மிஞ்சியிருக்கும். இது யாரோ அளவா கழட்டியிருந்தாங்க."

"எங்கப்பா கழட்டுனதுங்க," என்றாள் அக்கா, இன்ஸ்பெக்டரைப் பார்த்து. "அதான் அடையாளம். எழுதிக்கோங்க."

"எதுக்கும்மா கழட்டினார்?"

"காலேஜ்ல இருந்து என்னக் கூட்டியாந்தப்ப கழட்டுனாருங்க. மாப்பிள்ள பாத்துட்டாங்க. நான் வரமாட்டேன்னு அழுதேன். வழியில கதவத் தொறந்து குதிச்சிருவேன்னு அவருக்குப் பயம்."

இன்ஸ்பெக்டர் காகிதத்தைப் பார்த்தார். "அப்புறம் மாட்டவே இல்லையா?" என்றார்.

"இல்லீங்க. என்னக் கட்டிக் குடுத்தப்புறமும் மாட்டல."

அந்தக் கதவு வெளியிலிருந்துதான் திறக்கும் என்பது எனக்குத் தெரியும். அது வண்டியின் கோளாறு என்றே நினைத்திருந்தேன். அப்பா சுற்றி வந்து திறந்துவிட, நான் மந்திரி மாதிரி இறங்குவேன். எத்தனை முறை அப்படி இறங்கியிருப்பேன்!

அத்தோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. கணவாயில் வண்டி மெதுவாக ஏறியது, குரங்கு வந்தது, பொரி போட்டது எல்லாம் திரும்ப ஓடிற்று. அந்தப் பொரியை அப்பா ஏன் வாங்கித் தந்தார்? ஹாஸ்டல் வாசலில் என்னைத் தூக்கிப் பின்சீட்டில் அக்கா பக்கத்தில் உட்காரவைத்து, காதுக்குள் சொன்னார். அக்கா கையை வூடு வர்ற வரைக்கும் கெட்டியாப் புடிச்சுக்கோ, விட்டுறாதே, வழியில கொரங்குக்குப் போடப் பொரி வாங்கித் தர்றேன். இது எனக்கு மறந்துபோகவில்லை. எப்போதுமே ஞாபகம் இருந்த விஷயம்தான். அதை ஒரு விளையாட்டாகவே நான் வைத்திருந்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு வரவில்லை. நான்தான் பிடித்துக்கொண்டு வந்தேன். உள்ளங்கை வியர்த்து வழுக்கும்போது மாற்றி மாற்றிப் பிடித்தது வரைக்கும் ஞாபகம் வந்தது. ஆறு வயசுப் பையனை இழுத்துக்கொண்டு எந்த அக்கா குதிப்பாள்?

அவளிடம் நான் சொன்னதை நினைத்துப் பார்த்தேன். அந்த மாதிரி ஒரு நாள் எனக்கு அப்புறம் வந்ததே இல்லைக்கா என்று அவள் முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்கிறேன். அதைக் கேட்டுவிட்டுத்தான் அவள் வருகிறேன் என்றாள். ஏன் வந்தாள் என்று எனக்கு அப்போதும் புரியவில்லை, இப்போதும் முழுசாகப் புரியவில்லை.

அக்கா எழுதிக் கொடுத்தாள். நானும் எழுதிக் கொடுத்தேன். நம்பரைத் திரும்ப அடிக்க உத்தரவு கிடைத்தது. அங்கே காத்திருந்த ஏஜெண்ட் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். வண்டி தப்பித்துவிட்டது. மெக்கானிக் தன் வேலை முடிந்தது என்று பிரியாணி சாப்பிடப் போய்விட்டார்.

"வூட்ல கொண்டாந்து விடறேன்க்கா," என்றேன்.

"பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போதும்."

முன்கதவைத் திறந்துவிட்டேன். அவள் அதைக் கவனிக்காத மாதிரி பின்னால் ஏறி, இடது ஓரத்தில் உட்கார்ந்து, கதவைத் தானே இழுத்துச் சாத்திக்கொண்டாள். நான் ஓட்டினேன். கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது. வெளியே வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தாள். நாலு ரோடு தாண்டினோம்.

"இரும்புக்காரனுக்கே போட்டுறலாம்க்கா," என்றேன் கடைசியில்.

"எதுக்கு? இத்தன பாடுபட்டிருக்க. உனக்குப் புடிச்சிருக்குதில்ல, வெச்சுக்க. என் மனைய உட்டுப் போனாச் சரி."

"எனக்குத் தெரியாதுக்கா."

"தெரியாதுன்னு எனக்குத் தெரியும்டா."

பஸ் ஸ்டாண்டு வந்தது. ஓரம் கட்டுவதற்குள் பின்னால் வந்த டவுன் பஸ் ஹாரன் அடித்து உயிரை வாங்கியது. வண்டியை நிறுத்தினேன். பின்னால் கதவுப் பிடி கிளுக்கென்று திரும்பும் சத்தம் கேட்டது. அடுத்து நான் செய்ததை எப்படிச் செய்தேன் என்று தெரியவில்லை. ரோட்டைப் பார்த்தபடியே என் இடது கை சீட்டைத் தாண்டிப் பின்னால் போயிற்று. அவள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன். கெட்டியாகப் பிடித்திருக்கிறேன், வளையல் என் விரலில் அழுந்தியது.

அக்கா கையை இழுக்கவில்லை.

"வண்டி நின்னுருச்சுடா," என்றாள். "கைய உடு."

விட்டேன். அவள் கதவைத் திறந்து இறங்கி, பாப்பாரப்பட்டி பஸ்ஸில் ஏறிக்கொண்டாள்.